தட்டச்சு உதவி

சண்முகவடிவு கல்லூரியில் தோற்ற ஒரே பாடம் பொருளாதாரம். பிற்பாடு அதே கல்லூரியில் பதினாறு வருஷம் அவள் நடத்தியதும் அந்தப் பாடத்தைத்தான்.

தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது முடித்தவள். அதற்கு மேல் அங்கே தமிழில் படிக்க வழி கிடையாது. பதினொன்றிலும் பன்னிரண்டிலும் இங்கிலீஷை மெல்லாமல் விழுங்கி எப்படியோ கரையேறிவிட்டாள். செம்பூரில் பி.காம். சேர்ந்த முதல் வருஷம்தான் மாட்டிக்கொண்டாள். பேராசிரியர் வேங்கடசுப்ரமணியன் எழுதிய பொருளாதார அறிமுகப் புத்தகம் அப்போதே எட்டாம் பதிப்பு. பச்சை அட்டை. காமர்ஸ் படிக்கிற பிள்ளைகள் அதைப் புத்தகத்தின் பெயரால் கேட்பதில்லை, "வேங்கட் சார் புக்" என்றுதான் கேட்பார்கள்.

அந்தப் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒருவன் உட்கார்ந்து ஆப்பிள் தின்பான். முதல் ஆப்பிளில் அவனுக்கு இவ்வளவு திருப்தி, இரண்டாவதில் கொஞ்சம் குறைவு, ஐந்தாவதில் ஒன்றுமே இல்லை என்று ஒரு பட்டியல் வரும். வடிவு வீட்டில் ஆப்பிள் வாங்குவதென்றால் யாராவது சயான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும். ஒருவன் எதற்காக ஒரே மூச்சில் ஐந்து ஆப்பிள் தின்ன வேண்டும் என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. பட்டியலை மனப்பாடம் செய்து போனாள். பரீட்சையில் கேள்வியைச் சற்றே திருப்பிப் போட்டிருந்தார்கள். அதோடு போயிற்று.

அண்ணன் சுடலைக்கண்ணன்தான் படிக்க வைத்தவன். அப்பா போனபின் தோல் பட்டறையில் பை தைத்து வீட்டைத் தாங்கியவன்.

"ஏட்டி, அந்த ஒரு பாடத்த விட்டுட்டு மத்தத எழுதக் கூடாதா?" என்று கேட்டான்.

"அதுல பாஸாகாட்டா மேல விடமாட்டாங்கண்ணே."

அந்த மே மாதம் குழாயில் தண்ணீர் சுண்டிப்போயிருந்தது. விடிந்ததும் வரிசையில் நின்று குடம் குடமாய்ச் சுமப்பது வடிவின் வேலை. முதல் குடம் குடிக்க. இரண்டாவது உலை வைக்க. மூன்றாவது பாத்திரத்துக்கு, நான்காவது குளிக்க, ஐந்தாவது துணிக்கு. ஆறாவது கிடைத்தால் வாசற்படியைக் கழுவி விடலாம். ஒருநாள் ஆறாவது குடம் நிறைந்துகொண்டிருக்கும்போது சட்டென்று அவளுக்கு ஆப்பிள்காரன் புரிந்துவிட்டான். அதைவிட இன்னொன்றும் புரிந்தது. அவளுக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு இதே தண்ணீர்தான் முதல் குடம்.

மறு பரீட்சையில் அந்தத் தாளில் வகுப்பிலேயே அதிக மார்க் அவளுக்கு. அதற்குப் பிறகு பொருளாதாரத்தை அவள் விடவில்லை. எம்.ஏ. முடித்தாள், கல்லூரியில் பாடம் நடத்தத் தேவையான தகுதித் தேர்வையும் எழுதி ஜெயித்தாள். படித்த கல்லூரியிலேயே மணிக்கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்தாள். மணிக்கணக்கு என்றால் எடுத்த வகுப்புக்குத்தான் சம்பளம். ஜூனில் எடுப்பார்கள், ஏப்ரலில் நிறுத்துவார்கள். அடுத்த ஜூனில் புதிதாக விண்ணப்பம் கொடுக்க வேண்டும், முந்தின வருஷம் அவளைப் பார்த்தே இராதவர்கள் மாதிரி வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

வேங்கடசுப்ரமணியன் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் ஒரு விழாவுக்குப் பேச வந்தவர், வராந்தாவில் நடந்து போகும்போது ஒரு வகுப்பறை வாசலில் நின்றுவிட்டார். உள்ளே வடிவு குடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுபது பிள்ளைகள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வகுப்பு முடிந்து அவள் வெளியே வரும்வரை அவர் அங்கேயே நின்றார்.

"இதை யார் சொல்லிக் குடுத்தா நோக்கு?"

"யாரும் இல்ல சார். நானாத்தான்."

"எனக்கு இதை எழுதித் தரியா? பதிப்பு மாத்தணும். கண்ணு சரியில்லை, தனியா உக்காந்து எழுத முடியறதில்லை."

எந்தப் புத்தகத்தில் தோற்றாளோ அந்தப் புத்தகத்தை எழுதியவர் அவளிடம் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார். அன்றைக்கு அவள் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாட்டுங்காவில் அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். மூன்றாம் மாடி, ஜன்னலுக்கு வெளியே பெரிய மரம். மகள் மாலதி பேங்கில் அதிகாரி, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பாவோடு இருந்தாள். வடிவு போனதும் காப்பி வரும். அவருடைய மேஜையில் அவருடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டைப் அடிப்பாள். முதலில் குடம் உள்ளே போயிற்று, ஆப்பிள்காரன் வெளியேறினான். பிறகு வேலைப் பகுப்பு பாடத்துக்கு எல்லாப் புத்தகத்திலும் வருகிற குண்டூசித் தொழிற்சாலைக்குப் பதிலாக ஒரு தோல் பை பதினோரு கை மாறி உருவாகும் கதையை எழுதினாள். தேவையும் அளிப்பும் என்ற பாடத்துக்கு, விடியற்காலையில் தாராவியிலிருந்து கிளம்புகிற இட்லிக்காரர்கள் மழை நாளில் எத்தனை இட்லி ஊற்றுவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதை எழுதினாள். கட்டணக் கழிப்பறை பொதுப் பண்டமா இல்லையா என்று நான்கு பக்கம். எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டுவாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பேஷ்" என்பார். எப்போதாவது ஒரு வார்த்தையை மாற்றச் சொல்வார். மாற்றியது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

ஒன்பதாம் பதிப்பில் தொடங்கிப் பன்னிரண்டாம் பதிப்பு வரும்போது பழைய புத்தகத்தில் மிச்சமிருந்தவை அட்டையின் பச்சை நிறமும் அதில் இருந்த பெயரும்தான்.

"அடுத்த பதிப்புல உன் பேரையும் சேர்த்துடறேன் வடிவு. பப்ளிஷர்ட்ட சொல்லியிருக்கேன்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். அவள் நம்பினாள். நம்பாமல் இருக்கவும் அவளுக்கு வசதி கிடையாது. ஜூன் மாதம் பிரின்சிபாலுக்கு அவர் போடுகிற ஒரு போனில்தான் அவளுடைய வகுப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன. அதோடு, ஹார்பர் லைன் ரயிலில் யாரோ ஒரு பெண் அந்தப் பச்சைப் புத்தகத்தை மடியில் விரித்துக் குடத்துப் பக்கத்தில் கோடு போடுவதைப் பார்த்தால் வடிவுக்கு அன்று முழுக்கப் பசியே எடுக்காது.

சுடலைக்கண்ணனுக்கு இதில் பெரிய குறை ஒன்றும் தெரியவில்லை. "நான் தைக்குத பைல எவன் பேரு இருக்கு? கம்பெனி பேருதான இருக்கு. அதுக்காவ நான் அழுதுட்டா கெடக்கேன்?" என்றான்.

"பைய நீதான் தச்சேன்னு பட்டறைல எல்லாருக்கும் தெரியும்லாண்ணே" என்றாள் வடிவு. அவன் யோசித்துவிட்டுப் பேச்சை மாற்றினான்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் கல்லூரியில் ஒரு நிரந்தர வேலை காலியாயிற்று. பொருளாதாரம், ஒரே ஓர் இடம். வடிவுக்கு முப்பத்தெட்டு வயது. நேர்முகத்துக்கு ஐந்து பேர் கொண்ட குழு. உள்ளே நுழைந்தவள் மேஜையின் வலது ஓரத்தில் பாட வல்லுநராக வேங்கடசுப்ரமணியன் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். அவர் முதல் நாள் சொல்லவில்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமையும் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம்தான். நம் ஆள் ஒருவர் இருக்கிறார் என்று தைரியம் வந்தது.

பாடக் கேள்விகளுக்கெல்லாம் தடையில்லாமல் பதில் சொன்னாள். பிறகு தலைவர் அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டினார். "பப்ளிகேஷன்ஸ் என்ற இடம் காலியாக இருக்கிறதே? பதினான்கு வருஷமாகப் பாடம் நடத்துகிறீர்கள். ஒரு புத்தகம், ஓர் அத்தியாயம்கூடவா எழுதவில்லை?"

வடிவு வேங்கடசுப்ரமணியனைப் பார்த்தாள். அவர் எதிரில் இருந்த ஃபைலைப் பார்த்தார். கண் சரியாகத் தெரியாதவர் அந்தக் காகிதத்தில் எதைப் பார்த்தாரோ.

"இல்ல சார்" என்றாள்.

அவளைக் கொஞ்சம் தேற்றுவதற்காகவோ என்னவோ, இன்னொரு உறுப்பினர், ஒரு மராத்திக்காரப் பெண்மணி, தின்னத் தின்னத் திருப்தி குறைகிற அந்தக் குறைந்துசெல் பயன்பாட்டை முதல் வருஷப் பிள்ளைகளுக்கு எப்படி நடத்துவீர்கள் என்று கேட்டார். வடிவு குடத்தைச் சொன்னாள். அவளுக்கு வேறு எதுவும் வரவில்லை. அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியே சாருடைய புத்தகம்! நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறீர்கள்" என்றார். பிறகு திரும்பி, "சார், மாட்டுங்காவில் உட்கார்ந்துகொண்டு இந்தக் குடத்து உதாரணம் உங்களுக்கு எப்படித் தோன்றியது? நானே கேட்க நினைத்திருந்தேன்" என்றார்.

வேங்கடசுப்ரமணியன் லேசாகச் சிரித்தார். "எங்கள் வீட்டு வேலைக்காரி சொல்லுவாள். கேட்டுக்கொள்வேன்" என்றார் இங்கிலீஷில்.

எல்லாரும் சிரித்தார்கள். வடிவும் சிரித்தாள். சிரித்தோம் என்பதுதான் பின்னால் அவளை மிகவும் உறுத்தியது. அந்த அறையில் எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்காது. சொல்லாமலும் கிடைக்கவில்லை. வெளியூர்க் கல்லூரி ஒன்றில் இருந்த, ஐந்து கட்டுரை அச்சில் வந்திருந்த ஓர் ஆளுக்குப் போயிற்று.

இரண்டு நாள் கழித்து அவர் போன் செய்தார். "திடீர்னு கேட்டுட்டா வடிவு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. வாய்ல வந்துடுத்து. மனசுல வெச்சுக்காதே" என்றார். குரல் உண்மையிலேயே கம்மியிருந்தது.

அண்ணனிடம் அன்றுதான் முழுக் கதையையும் சொன்னாள். அவன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டான். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கான் பாரு மனுசன். இனி அந்த வீட்டுப் படிய மிதிச்சே, பாத்துக்க" என்றான்.

ஆனால் அவள் மிதித்தாள். ஒரு மாதம் போகாமல் இருந்துவிட்டு மறுபடி போனாள். ஏன் போனாய் என்று கேட்டால் அவளால் நேராகப் பதில் சொல்ல முடியாது. ஜூன் மாத போன் ஒரு காரணம். இன்னொரு காரணம், தான் போகாவிட்டால் வேறு யாரையாவது உட்கார வைத்து அந்தப் புத்தகத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்ற பயம். பெற்ற பிள்ளை அடுத்த வீட்டில் வளர்ந்தாலும் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாதே, அந்த மாதிரி.

அதற்குள் பாடத்திட்டம் மாறியது. எல்லாம் புதிது, பழைய புத்தகத்தில் பாதிக்கு மேல் உதவாது. முதல் செமஸ்டருக்கு அடியிலிருந்து புதிய புத்தகம் எழுத வேண்டும். வேங்கடசுப்ரமணியனுக்கு அப்போது பார்வை அநேகமாகப் போய்விட்டது. பதினொரு மாதம், ஞாயிறும் விடுமுறையும், வடிவு தனியாக எழுதினாள். வீட்டில் நோட்டில் எழுதி, அங்கே போய் டைப் அடித்தாள்.

"இந்தத் தடவை ரெண்டு பேர் பேரும் அட்டையில வரும். இது சத்தியம்" என்றார்.

புத்தகம் வந்த அன்று தாதரில் கடையிலேயே நின்று பிரித்துப் பார்த்தாள். அட்டையில் ஒரு பெயர்தான். முன்னுரையைப் புரட்டினாள். கடைசிப் பத்தியில் மகளுக்கு நன்றி, டாக்டருக்கு நன்றி, பதிப்பாளருக்கு நன்றி. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. தட்டச்சு உதவி: செல்வி எஸ். வடிவு.

கடைக்காரன் "லேனா ஹே க்யா?" என்று கேட்டான். வாங்கிக்கொண்டாள். மாட்டுங்காவுக்குப் போகவில்லை, போனும் செய்யவில்லை.

அவள் செய்தது ஒன்றே ஒன்று. அந்த வருஷம் அவள் வகுப்பில் புத்தகம் வாங்க முடியாத பிள்ளைகள் நிறையப் பேர். தன் நோட்டுகளை எடுத்தாள். முதல் நான்கு பாடத்தை, பச்சைப் புத்தகத்தைத் திறக்காமலே, மறுபடி டைப் அடித்தாள். தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் முகைதீனின் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து நூறு பிரதி எடுத்து ஸ்பைரல் போட்டாள். முதல் பக்கத்தில் பாடத்தின் தலைப்பு. அதன் கீழே பெரிய எழுத்தில் தன் முழுப் பெயர். பிள்ளைகளுக்கு உதவி என்று சொல்லிக்கொண்டாள். அது பொய்யில்லை. ஆனால் முகைதீன் முதல் பிரதியை எடுத்து நீட்டியபோது அவள் பிள்ளைகளை நினைக்கவில்லை. பெயரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். சூட்டோடு இருந்த அந்தத் தாளை விரலால் தடவினாள்.

யாரோ ஒரு பிள்ளை அதைப் போனில் படம்பிடித்து வாட்ஸப்பில் போட்டது. ஒரு வாட்ஸப் குழு இன்னொன்றுக்கு அனுப்பியது. இருபது நாளில் முகைதீனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, புக் கம்பெனி ஆளுங்க வந்திருந்தாங்க. நம்ம கடைல போட்ட நோட்ஸ் ஒண்ணு கையில வெச்சிருந்தாங்க. காப்பிரைட் கேஸாம். மெஷினத் தூக்கிட்டுப் போயிருவோம்னு சொல்றாங்கக்கா. எனக்கு இருக்கறதே இந்த ஒரு மெஷின்தான்."

மறுநாள் பதிப்பாளரிடமிருந்து கல்லூரிக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. மூத்த பேராசிரியர் ஒருவரின் நூலைத் திருடித் தன் பெயரில் விநியோகித்ததாக. பிரின்சிபால் மூன்று பேர் கொண்ட குழு போட்டார். அவளுடைய நோட்ஸையும் பச்சைப் புத்தகத்தையும் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எண்பத்தொரு சதவீதம் ஒன்றே என்று வந்தது.

"ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டையும் எழுதினது நான்" என்றாள் வடிவு.

எதில் டைப் அடித்தீர்கள் என்று கேட்டார்கள். அவருடைய கம்ப்யூட்டரில். ஒப்பந்தம்? கிடையாது. ஈமெயில்? கிடையாது, நேரில்தான் போவேன். பதினோரு நோட்டுகளையும் கொண்டுபோய் மேஜையில் வைத்தாள். குழுவில் இருந்த ஓர் இளைஞர், கெட்டவர் அல்ல, இரண்டு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "புத்தகத்தைப் பார்த்து எழுதினது இல்லை என்பதற்கு இதில் என்ன ஆதாரம் மேடம்?"

வேங்கடசுப்ரமணியனுக்கு எழுதிக் கேட்பதாக முடிவாயிற்று. கடைசியாகப் போய் ஒன்றரை வருஷம் கழித்து வடிவு மாட்டுங்கா மாடிப்படி ஏறினாள்.

"வா வடிவு. காலடிச் சத்தத்துல தெரிஞ்சுண்டேன். உக்காரு. இப்போ சுத்தமாத் தெரியலை எனக்கு" என்றார். மெலிந்திருந்தார்.

"கமிட்டிலேர்ந்து லெட்டர் வந்திருக்கும் சார்."

"மாலதி படிச்சா."

"உள்ளத எழுதுங்க சார். அட்டையில பேரு போடுங்கன்னு கேக்கல. இத எழுதினது நாந்தான்னு ஒரு வரி. எனக்கு வேலை நிக்கும்."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு கேட்டார்: "அப்போ நான் ஒண்ணுமே எழுதலையா?"

அவர் வாதத்துக்காகக் கேட்கவில்லை என்று வடிவுக்குப் புரிந்தது. அவருக்கே அது தெரிய வேண்டியிருந்தது.

"எட்டுப் பதிப்பு உங்களோடது சார்."

"மீதியும் நான் சொல்லச் சொல்லத்தானே நீ..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். கை மேஜைமேல் தண்ணீர் டம்ளரைத் துழாவியது. வடிவு எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் குடிக்கவில்லை. "ஒரு வாரம் டைம் குடு" என்றார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது மாலதி பின்னாலேயே வந்தாள்.

"வடிவு, நான் உங்ககிட்ட மறைக்கலை. எனக்கும் தெரியும். பதினோரு வருஷம் நான்தானே காப்பி போட்டேன்? ஆனா அப்பாக்கு எண்பது ஆறது. அடுத்த மாசம் அவர் பேர்ல ஒரு ஸ்காலர்ஷிப் ஆரம்பிக்கறா. இப்போ போய் அந்தப் புக்கை அவர் எழுதலைன்னு அவரே சொன்னா, அவர்கிட்ட என்ன மிஞ்சும்? உங்களுக்கு வயசு இருக்கு. நீங்க இன்னும் எத்தனையோ எழுதலாம்."

"எனக்கு நாப்பத்தோரு வயசு அக்கா" என்றாள் வடிவு. "நான் என்ன எழுதினாலும் இனி சார் புக்லேர்ந்து திருடினதுன்னுதான் சொல்லுவாங்க."

மாலதி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. குழுத் தலைவர் அதைப் படித்துக் காட்டினார். செல்வி சண்முகவடிவு சில ஆண்டுகள் எனக்குத் தட்டச்சில் உதவியது உண்மை. நூலின் உள்ளடக்கம் என்னுடையது. அவர் கடுமையான உழைப்பாளி, நல்ல ஆசிரியை, அவரிடம் கருணையோடு நடந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். கீழே கோணலாக ஒரு கையெழுத்து. கண் தெரியாதவரின் கையைப் பிடித்து யாரோ அந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

கருணை என்ற அந்த வார்த்தையைக் கேட்டபோதுதான் வடிவு அழுதாள். அதுவரை அழவில்லை.

கல்லூரி அவளை வேலைநீக்கம் செய்யவில்லை. அதற்கு அவசியமே இல்லை. ஜூனில் விண்ணப்பம் கொடுத்தாள், வகுப்பு ஒதுக்கவில்லை. அவ்வளவுதான். வக்கீல் நோட்டீஸ் மட்டும் அப்படியே நின்றது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாகப் பதிப்பாளர் சொல்லி அனுப்பினார். சுடலைக்கண்ணன் இரண்டு நாள் பட்டறையிலிருந்து நேரம் கழித்தே வீட்டுக்கு வந்தான். மூன்றாம் நாள், "போட்டுட்டு வா வடிவு. கோர்ட்டுப் படி ஏற நம்மளால முடியாது. அந்தப் பாய் மெஷினும் போயிரும். அவரு பொழப்பையும் பாக்கணும்லா" என்றான். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை.

தாதரில் பதிப்பகத்து மேனேஜர் கேஷவ் அவளை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். கடிதம் தயாராக இருந்தது. பேராசிரியரின் நூலிலிருந்து அனுமதியின்றிப் பகுதிகளை எடுத்தேன், வருந்துகிறேன். வடிவு பேனாவைத் திறந்தாள். கேஷவ் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி இந்தியில் சொன்னார்:

"மேடம், எங்களுக்குத் தெரியும். பத்து வருஷமாக ப்ரூஃப் திருத்தம் கேட்டால் பதில் சொல்வது நீங்கள்தானே? ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கடைக்காரன் வேங்கட் சார் புக் என்றுதான் ஆர்டர் போடுகிறான். நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்."

அவள் கையெழுத்துப் போட்டாள். அந்தப் புத்தகத்தின் பெயரும் அவளுடைய கையெழுத்தும் சேர்ந்து வந்த காகிதம் அது ஒன்றுதான்.

இரண்டு மாதம் கழித்து மாலதி போன் செய்தாள். முதலில் உடம்பு விசாரித்தாள். பிறகு, இரண்டாம் செமஸ்டர் புத்தகம் வர வேண்டும், பதிப்பாளர் நெருக்குகிறார், வேறு இரண்டு பேரிடம் கொடுத்துப் பார்த்தோம், அப்பாவுக்குத் திருப்தியில்லை, நீங்கள் வர முடியுமா என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"இந்தத் தடவை எழுத்துல ஒப்பந்தம் போட்டுடலாம் வடிவு. நான் பொறுப்பு."

வடிவிடம் இரண்டாம் செமஸ்டருக்கு ஐந்து பாடம் நோட்டில் ஏற்கெனவே இருந்தது. வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. ஒரு கணம் வாய்வரை வந்தது. போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இல்லக்கா. எனக்கு வர முடியாது. சாரைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றாள்.

அந்தப் புத்தகத்தை யாரோ எழுதினார்கள். பச்சை அட்டையோடு அதுவும் வந்தது. உள்ளே ஆப்பிள்காரனைப் போலப் பலர் திரும்பி வந்திருந்தார்கள்.

வடிவு இப்போது சூனாபட்டி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டியூஷன் கிளாஸில் பாடம் நடத்துகிறாள். தகரக் கூரை, நாற்பது பிள்ளைகள், இரண்டு மின்விசிறியில் ஒன்று ஓடாது. வீட்டில் அண்ணனும் அவளும் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. சில நாள் வகுப்பில் ஒரு உதாரணம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இது யாருடையது என்று யாராவது எழுந்து கேட்டுவிடுவார்களோ என்று பாதியில் நிறுத்திவிடுவாள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்வாள்.

போன ஜூலையில் ஒரு தாய் மகளைச் சேர்க்க வந்தாள். தாராவிக்காரிதான், வீடு வீடாகப் போய் வேலை செய்கிறவள். பெண் தமிழ்ப் பள்ளியில் படித்து வந்தவள், இப்போது பி.காம். முதல் வருஷம்.

"டீச்சர், எந்தப் புக்கு வாங்கணும்? கடையில ஏழெட்டுக் காட்டுதான். இவளுக்கு எதப் படிச்சாலும் வெளங்க மாட்டேங்கு."

வடிவு கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"வேங்கட் சார் புக்குன்னு கேளுங்க. பச்சை அட்டை. அதப் படிச்சா வெளங்கும்."

"ரெண்டாவது செமஸ்டருக்கும் அவரு புக்கே வாங்கிரலாமா?"

"அது வேண்டாம்" என்றாள் வடிவு. "அதுக்கு நான் வாயால சொல்லுதேன். இவ ஒரு நோட்டு மட்டும் கொண்டாந்தாப் போதும்."

அந்தப் பெண்ணிடம் ஒரு துண்டுச் சீட்டு வாங்கி, பேராசிரியரின் பெயரை இங்கிலீஷில் எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுத்தாள். நீளமான பெயர். கடையில் தப்பாகக் கேட்டு வேறு எதையாவது வாங்கிவிடக் கூடாது என்று, அடியில் ஒரு கோடும் போட்டாள்.